வலது காலின் மகிமை

படுத்தே கிடப்பவனுக்கு வந்துபோகிறவர்களின் மூக்குத் துவாரமும் மோவாய்க்கட்டையின் அடிப்பக்கமும் அத்துப்படி ஆகிவிடும். ஏசி மெக்கானிக்குக்கு ஐந்து மாதத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அப்படித்தான் தெரிந்தது. நின்று பார்த்த காலத்தில் ஏதோ மனிதர்கள் மாதிரி இருந்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் ஒருவருக்கும் லட்சணம் போதவில்லை.

மூன்றாவது மாடிச் சுவரில் அவுட்டோர் யூனிட்டைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் பெயர்ந்து, அதோடு அவனும் விழுந்தான். யூனிட் தப்பித்தது, அவன் நடுமுதுகு நொறுங்கியது. தொப்புளுக்குக் கீழே சூடும் தெரியாது, சுள்ளென்றும் தெரியாது. கை இரண்டும் வாயும் பழுதில்லை. வாய் முன்பைவிட நன்றாகவே ஓடுகிறது என்பது அவன் அக்காவின் புகார்.

அக்கா ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோப்பு பார்த்துப் பார்த்துக் கடவுளையும் மேலதிகாரியாகவே நினைத்துப் பழகிவிட்டாள். அவள் பிரார்த்தனை செய்தால், 'பார்வை: எங்கள் முந்தைய விண்ணப்பம்' என்று ஆரம்பிக்காததுதான் குறை. போன வாரம் கேட்டது, அதற்கு முந்தின வாரம் கேட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு நினைவுபடுத்துவாள். மெக்கானிக்கின் ஒற்றை அறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது என்பதால், இரண்டாவது மாடியில் இருந்த அவள் வீட்டுக்கே அவனைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஆகவே கட்டில் அவளுடையது, கூரை அவளுடையது, கடவுளும் அவளுடையவர்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு சக்கர நாற்காலியை அனுப்பிவைத்தார்கள். அது வாசலைத் தாண்டவில்லை.

"வீட்டுக்குள்ள இது வந்துச்சுன்னா, 'நீ ஒண்ணும் கிழிக்க வேணாம், நாங்களே பாத்துக்கறோம்'னு நாமளே கடவுள்கிட்ட சொல்ற மாதிரிடா தம்பி" என்றாள் அக்கா. வண்டிக்காரன் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

அக்காவின் கணவரான மாமாவுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் கிடையாது. அவள் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அவரையும், அவருடைய தம்பிகள் இருவரையும், கீழ்வீட்டு டெய்லரையும் சேர்த்து அக்கா ஒரு பிரார்த்தனைக் குழு அமைத்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலமானால் கட்டிலைச் சுற்றி நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவனுடைய மூத்திரப் பை நிரம்பி வழிந்தாலும் ஒருவர் கண்ணும் திறக்காது. டெய்லர் மட்டும் நடுவில் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த ஒரு யோக்கியமான காரியத்துக்காக மெக்கானிக் அவரை மன்னித்திருந்தான்.

அவனுக்கு மரியாதை மிச்சமிருந்தது ஒருத்தியிடம்தான். அவன் மனைவி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. வேலைக்குப் போகிற நேரம் தவிர, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் அலாரம் வைத்து அவனைப் புரட்டிப் போட்டாள். குதிகால், இடுப்பு, வால் எலும்பு என்று ஒவ்வொரு இடமாகச் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவன் உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. உடற்பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ அதைச் சொல்லிப் பாராட்டினாள். குழுவோ அதையும் கடவுள் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

"அவங்க கண்ணை மூடிட்டுக் கேக்கறாங்க, நான் கண்ணைத் திறந்துட்டுத் தொடைக்கறேன். ரெண்டுல எது உங்களுக்கு ஆகுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று அவள் ஒருநாள் அவன் காதோரம் சொன்னாள். பிரார்த்தனை நேரத்தில் பின்வரிசையில் நின்று, எல்லாரும் கண்மூடியிருக்க, அவனைப் பார்த்து ஒற்றைப் புருவத்தை மட்டும் தூக்குவாள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அந்தப் புருவம் இல்லாவிட்டால் அவன் எப்போதோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு செத்திருப்பான்.

மூன்றாவது மாதம் கால் அசைந்தது. அக்கா போர்வையை மாற்ற உருவினாள். வலது முழங்கால் வெடுக்கென்று மடங்கி மேலே எழும்பி, நடுங்கி, விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் டெய்லர் ஊசியோடு ஓடிவந்தார்.

அவனும் நம்பினான். இதுதான் அவனுக்கு இன்னும் ஆறாத அவமானம். ஒரு பகல் முழுக்க நம்பினான். அழுதான். கட்டைவிரலைப் பார்த்து, 'அசைடா, அசைடா' என்று குழந்தையைக் கெஞ்சுவது போலக் கெஞ்சினான். மறுநாள் பிசியோ வந்து அவனையும் மனைவியையும் மட்டும் வைத்துக்கொண்டு விளக்கினாள்.

"இது மூளைக்குத் தெரியாம நடக்கற துடிப்பு. தோலை இழுத்தாலோ கிள்ளினாலோ தண்டுவடம் தன்பாட்டுக்குக் காலை உதறும். குணமாகறதுன்னு அர்த்தம் இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க."

மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவனுக்குப் பட்டென்று புரிந்தது. கரண்ட் இல்லாத அவுட்டோர் ஃபேன் காற்றுக்குச் சுற்றும். அதைப் பார்த்து எந்த மடையனாவது உள்ளே அறை ஜில்லென்று ஆகிவிட்டது என்பானா?

அக்கா வீட்டில் அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். வலது காலின் மகிமை அக்கம்பக்கம் பரவியது. பார்க்க ஆள் வந்தது. போர்வையை இடது மூலையிலிருந்து சுண்டினால் கால் தவறாமல் எழும்பும் என்று மாமா கண்டுபிடித்தார். ஆயுளில் அவர் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். வித்தை காட்டுகிறவன் மாதிரி ஒரு செருமல் செருமிவிட்டுச் சுண்டுவார். கால் எழும்பும். வந்தவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். காலுக்குச் சொந்தக்காரனை, "எப்படி இருக்கே?" என்று கேட்டவர் ஒருவர் உண்டா என்றால் இல்லை.

இந்தச் சமயத்தில்தான், பிசியோ சொல்லி மனைவி பெயர் கொடுத்துவைத்திருந்த பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. ஓர் இடம் காலியாகிறது, வியாழக்கிழமை காலை வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஆறு வாரப் பயிற்சி. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே நகர்வது, தானே கழிப்பறைக்குப் போவது, தானே குளிப்பது. மெக்கானிக்குக்கு இதற்கு மேல் ஒரு சொர்க்கம் தேவைப்படவில்லை. அவன் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்: ஏசி போர்டுகளை ரிப்பேர் செய்ய மேஜையில் ஓர் ஆள் வேண்டும், உட்கார முடிந்தால் மறுநாளே வரலாம்.

"உக்காரக் கத்துக்கறதுக்கா உன்னைக் கடவுள் பிழைக்க வெச்சாரு?" என்றாள் அக்கா. "கால் அசைய ஆரம்பிச்ச நேரத்துல போய் நாற்காலியில உக்காந்தா அவருக்கு என்ன மரியாதை? போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

சிக்கல் படிக்கட்டில் இருந்தது. இரண்டு இடத்தில் திரும்புகிற குறுகலான படி. ஸ்ட்ரெச்சர் நுழையாது; மேலே கொண்டுவந்தபோதும் போர்வையில் வைத்துத்தான் தூக்கினார்கள். "போர்வையில வெச்சு நாலு பேர் தூக்கணும், ஆளை நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கையை விரித்துவிட்டார். அந்த வீட்டில் தெம்புள்ள நான்கு பேர் என்றால் அது பிரார்த்தனைக் குழுதான். மனைவி மாமாவிடம் கேட்டாள். "உங்க அண்ணி சொன்னா தூக்கறேம்மா" என்றார் அவர். அது அவரிடமிருந்து எதிர்பார்க்கக்கூடிய உச்சபட்ச வீரம்.

புதன்கிழமை மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கட்டிலருகே குனிந்தாள்.

"கடையில மூட்டை இறக்கறவங்க நாலு பேர் இருக்காங்க. கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க, உங்க அக்காகிட்ட சண்டை போட்டுடாதீங்க."

சும்மா இருக்க அவனால் முடியவில்லை. சாயங்காலம் ஆறுக்குக் குழு கூடியது. வெளியாட்களும் நான்கைந்து பேர். மாமா செருமினார், சுண்டினார், கால் எழும்பியது. பெருமூச்சுகள் எழுந்தன. தன் சொந்தக் கால் இப்படி நாய்க்குட்டி மாதிரி கண்டவன் சுண்டினாலும் ஆடுகிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. இன்னும் அரை மணி நேரம் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள், அதோடு வியாழக்கிழமை கைநழுவிப் போகும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா? கடவுள்கிட்ட."

ஐந்து மாதத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அக்காவின் மோவாய் நடுங்கியதைக் கீழேயிருந்து பார்த்தான்.

கண்ணை மூடிக்கொண்டான். அக்காவின் அலுவலகத் தோரணையிலேயே ஆரம்பித்து, இதுவரை வந்த விண்ணப்பங்களை எல்லாம் ஒப்புக்கொண்டு, கடைசியில் சொன்னான்: "நான் நாளைக்கு அந்த மையத்துக்குப் போகணும்னு உனக்கு விருப்பம் இருந்தா, இந்தக் காலை அசைச்சுக் காட்டு. இல்லேன்னா நான் இங்கேயே கிடக்கறேன்."

போர்வைக்குள் அவன் வலது கை தொடையைத் தேடியது. கிள்ளினான். ஒன்றும் இல்லை. கிள்ளுவது தொடையையா மெத்தையையா என்று தொடைக்குத் தெரிந்தால்தானே! விரல்களால் தடவிக் கதகதப்பைக் கண்டுபிடித்து, நகம் பதிய இன்னொரு தடவை கிள்ளினான்.

கால் போர்வையோடு எகிறியது. மாமா பின்வாங்கி அலமாரியில் இடித்துக்கொண்டார். யாரோ விம்மினார்கள். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள், தேம்பி முடிப்பதற்குள் கட்டளைகளும் கிளம்பிவிட்டன. "காலையில ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தாகணும். டெய்லர், கனமான போர்வை ரெண்டு வேணும். கடவுளே போன்னு சொன்ன பிறகு என்ன தாமதம்?" நேற்றுவரை நாற்காலி தெய்வக் குற்றம், இப்போது அதுவே தெய்வக் கட்டளை. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவர்களிடமா இத்தனை நாள் வாதாடினோம் என்று அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வெற்றி என்றால் இனிக்கும் என்பார்கள், அவனுக்கோ கைப்பான சந்தோஷம்தான். இருந்தாலும் சந்தோஷம்.

அதைப் பங்குபோட அவனுக்கு ஒருத்தி வேண்டியிருந்தது. கண்ணால் தேடினான். மனைவி எப்போது வந்தாளோ, செருப்பைக்கூடக் கழற்றாமல், தோளில் பையோடு வாசல்படியில் நின்றாள். புருவம் எழும்பும் என்று காத்திருந்தான். எழும்பவில்லை. அவள் கண்கள் மூடியிருந்தன. கைகள் கூப்பியிருந்தன. மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

அன்று வீடு ஜனத்தால் நிரம்பி வழிந்ததில் அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேச வாய்க்கவில்லை. மறுநாள் நான்கு பேரும் 'மெதுவா, மெதுவா' என்று கத்திக்கொண்டே அவனை இறக்கினார்கள். அக்கா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் அவனும் மனைவியும் மட்டும். கதவு சாத்தியதும் அவள் அவன் நெற்றியைத் துடைத்தாள். ஐந்து மாதத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து அவன் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

"கடை ஆளுங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"நாலு பேரும் வரேன்னுதான் சொன்னாங்க. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். அதுக்குள்ள..." அவள் போர்வையின் மேல் அவன் காலைத் தொட்டாள். "இந்த ஆறு வாரம் முடிஞ்சு நீங்க நடந்துதான் படியேறி வருவீங்க."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இங்க பாரு. நேத்து நான்தான் கிள்ளினேன். போர்வைக்குள்ள கையை விட்டுக் கிள்ளினேன். அவங்க தூக்கணும்ங்கறதுக்காக. உன்கிட்ட முன்னாடியே சொல்ல முடியலை."

அவள் திடுக்கிடவில்லை.

"கிள்ளினது நீங்க. அசைச்சது யாரு?"

"பைத்தியமா நீ? பிசியோ சொன்னப்போ பக்கத்துல நின்னு கேட்டவளே நீதானே!"

"கேட்டேன். எல்லாம் புரிஞ்சுதுங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அஞ்சு மாசமா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்களைப் புரட்டறேன். ராத்திரி பகல் தெரியாது எனக்கு. உங்க அக்கா கண்ணை மூடினா ஒரு தெம்பு வருது. உங்களுக்கு அவங்களைத் திட்டினா ஒரு தெம்பு வருது. எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க? நேத்துதான் ஒண்ணு கெடைச்சுது. அதையும் புடுங்கிடாதீங்க."

தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தை அவன் அந்த நிமிஷம் வெறுத்த மாதிரி, மாமாவின் செருமலைக்கூட வெறுத்தது கிடையாது.

அவள் அவன் வலது கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "கண்ணை மூடுங்க. சேர்ந்து கேப்போம்" என்றாள்.

அவன் மூடிக்கொண்டான்.