பஸ்ஸில் செல்வி டீச்சர் கொடுத்த சீட்

இன்னைக்கு லிந்துலையில பஸ் ஏறினேன். செல்வி டீச்சர் எழும்பி, "அம்மாயி, உக்காருங்க"ன்னா.

"இருக்கட்டும்"னு நின்னேன்.

நம்ம தோட்டத்து ஆளுங்க சேர்ந்து, சம்பளமில்லாம நடத்துற இணையக் கூட்டுறவுல இவ புது உறுப்பினர். மண்சரிவுல போனவங்களோட படமெல்லாம் நம்ம சர்வர்லதான் இருக்கு. என் தங்கச்சிக்கு வேற படமே கிடையாது. குவைத்துல இருக்கிற அவ மக, திவசத்தன்னைக்குப் போன்ல அந்தப் படத்தைத் திறந்து வச்சுத்தான் விளக்கேத்துவா.

இந்த வருஷம் படம் திறக்கல. சர்வர் நின்னுபோச்சு. அந்த வாரம் அதைப் பார்த்துக்கிற முறை செல்விக்கு. அவ யார்கிட்டயும் சொல்லாம ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டா.

"இன்னும் கோவமா அம்மாயி? மறுநாளே சரியாக்கிட்டோமே."

"படம் வந்துருச்சு. திவசம் திரும்பி வந்துச்சா?"

"போன இடத்துல சிக்னல் இல்லங்க."

"போறதுக்கு முன்ன இருந்துச்சுல்ல? காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வர முடியலன்னா நாங்க முதல் நாளே சொல்லி அனுப்புவோம். கூட்டுறவுல புதுசா சேர்றவங்களுக்கும் மொதல்ல சொல்லித் தர்றது அதுதான். முடியாதுன்னு குரூப்ல ஒரு வார்த்தை போட்டிருந்தா, வேற ஆள் பார்த்திருக்கும்."

அவளும் திரும்ப உக்காரல. கண்டக்டர் சிங்களத்துல ரெண்டு பேரையும் உக்காரச் சொல்லிப் பார்த்தாரு. காலி சீட்டை நடுவுல வச்சுக்கிட்டு நுவரெலியா வரைக்கும் நின்னோம்.

இறங்குறப்ப, "அடுத்த வாரம் என் முறை. எங்கயும் போகல, அம்மாயி"ன்னா.

"பார்ப்போம்"னேன்.

மன்னிக்கலாம்னு நினைக்கிறவங்க கீழ கமெண்ட்ல எழுதுங்க. முழங்கால் வலி குறைஞ்ச பிறகு யோசிக்கிறேன்.