வேலிக்கு வெளியே இரண்டு முழம்

பினாங்கில் என் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் நேற்று சிவப்புச் சாயம் தோய்த்த இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை பிறந்து முப்பது நாள் நிறைந்தால் அவர்களுக்கு அது வழக்கம். கையிலிருந்த குழந்தைக்கு வயதென்ன என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். “சத்து தாஹுன்” என்றாள். ஒரு வருடம். அவள் பிசகிச் சொல்கிறாள் என்று நினைத்து, பத்து விரல்களையும் மூன்று முறை விரித்துக் காட்டித் திருத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே இருந்த காலமும் அவர்களுக்கு வயதுதான். நான் முட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

சின்னமனூருக்குத் தெற்கே எங்கள் கிறிஸ்தவச் சிற்றூரில் சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்தும் உபதேசியாராக நான் இருந்தேன். என் தங்கை அன்னம்மா இரண்டு பேறுகளில் செத்துப் பிழைத்தவள். மூன்றாவது தங்கியபோது, உத்தமபாளையத்திலிருந்து மருத்துவச்சி பாத்திமா அம்மா வந்து நாடி பார்த்தார்.

“ரெண்டு மாசந்தான் ஆகுது, உபதேசியாரே. நூத்தியிருவது நாளைக்குப் பொறகுதான் ரூகு, அதான் உசுரு, எறங்கும்னு எங்க பெரியவுக சொல்லுவாக. இவ ஒடம்புல ரத்தமே இல்ல. ஒரு கசாயம் குடுத்தா தாய் தப்பிச்சுக்கிருவா.”

“எங்க புஸ்தகப்படி மொத நாள்லருந்தே அது பிள்ளதான். கசாயத்தக் கொண்டு போங்க” என்றேன்.

“புஸ்தகமா பிள்ள பெறப் போகுது?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். அன்னம்மாவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலாம் மாதம் கரு தானாகவே இறங்கிவிட்டது. உள்ளங்கையளவு. அன்னம்மா படுத்தபடியே தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள். உயிர் உண்டோ இல்லையோ என்று ஐயம் இருந்தால், ‘உயிரோடிருந்தால்’ என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் முறை. நான் செம்பை எடுத்தேன். அந்த உருவத்தைப் பார்த்தேன். இதற்கா என்று கை நின்றுவிட்டது. செம்பைக் கீழே வைத்தேன்.

“அண்ணே, கசாயத்த வேணாம்னப்ப பிள்ளன்னீக. இப்ப பிள்ள இல்லையா?” என்றாள்.

ஞானஸ்நானம் பெறாததைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது. வேலிக்கு வெளியே இரண்டு முழம் தள்ளி நானே குழி தோண்டினேன். அடுத்த ஆண்டு கப்பலேறினேன். பிழைப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன்.

உயிர் எந்த நாளில் தொடங்குகிறது என்று எனக்கு இன்றும் தெரியாது. என் புத்தகமும் பாத்திமா அம்மாவும் இந்தச் சீனப் பெண்ணும் ஆளுக்கொரு நாளைச் சொல்கிறார்கள். நான் சொன்னதை நானே முழுதாக நம்பவில்லை. நம்பாத ஒன்றுக்காக என் தங்கையின் உயிரைப் பணயம் வைத்தேன். இந்த வருடம்தான் அதை அவளுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

பதில் போன வாரம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதியிருக்கிறார்.

“அண்ணே, பெரியாத்து அணைத் தண்ணி இங்கன வயலுக்கு வந்துருச்சு. கல்லறைக்கு வருசா வருசம் முள்ளு அடைக்கிறது நாந்தான். ஒவ்வொரு தடவையும் வேலிய ஒரு சாண் வெளிய தள்ளி அடச்சேன். பிள்ள உள்ள வந்து ரொம்ப நாளாச்சு. ஒருத்தரும் கண்டுபிடிக்கல; கண்டுபிடிக்கிற ஒரே ஆளும் கப்பலேறிப் போயிட்டாக. அவன் பக்கத்துல உங்களுக்கும் எடம் விட்டுருக்கேன்.”

இங்கே எங்கள் கோவில் கல்லறையைச் சுற்றி ஆள் உயரக் கல்மதில். இனிக் கடல் தாண்டும் தெம்பு எனக்கில்லை. அந்த மதிலுக்குள்தான் என்னை வைப்பார்கள். அங்கன, ஒரு சாண் ஒரு சாணாக நகர்ந்த வேலிக்குள், என் மருமகனுக்குப் பக்கத்தில் என் இடம் காலியாகவே கிடக்கும்.