அந்தக் காட்சி நம்பும்படி இருந்ததா?

கனடாவில் முதன்முதலாக என் கருத்தைக் கேட்டது ஒரு சினிமாக் கொம்பனி. அதற்கு முன் என்னிடம் பெயர் கேட்டார்கள், பிறந்த திகதி கேட்டார்கள், எந்தெந்த நாட்டுக்கூடாக வந்தாய் என்று கேட்டார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் பிறகு வந்த ஐந்து கிழமையும் நான் ஒழுங்காகச் சோறு தின்றிருப்பேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, ஒரு மாசி மாதம். ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் ஓர் அறையை நானும் இன்னொருவரும் பங்கு போட்டிருந்தோம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பில் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிற்றி. ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவியும் ஆறு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். பங்குனிக் கடைசியில் எனக்கு அகதி விசாரணை. ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். இல்லையென்றால் என்னைத் திருப்பி அனுப்புவார்கள், அங்கே போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சப்வே வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை எனக்கு இரண்டு ரிக்கற்றை நீட்டினாள். இன்னும் வெளிவராத படம், இன்றைக்கு மத்தியானம், காசு வேண்டாம், பார்த்துவிட்டுக் கருத்துச் சொன்னால் போதும் என்றாள். ரிக்கற்றைக் கொண்டுவந்து அண்ணைக்குக் காட்டினேன்.

"சும்மா தாறானோ?" என்றார் அண்ணை. "உவங்கள் சும்மா தண்ணியும் தரமாட்டாங்கள். உதுக்குள்ளை ஏதோ அலுவல் இருக்கு." சொல்லிக்கொண்டே குளிருக்குத் தொப்பியைப் போட்டார். ஓசிப் படம் என்றால் அலுவல் இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணைக்கு ஹொலிவூட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எந்த நடிகன் எந்தக் கட்சிக்குக் காசு கொடுத்தான், எந்த நடிகைக்கு ஏன் விருது கிடைக்கவில்லை என்று வேலையிடத்தில் கிடக்கும் பழைய பேப்பர்களில் வாசித்து வைத்திருப்பார். அவருடைய சித்தாந்தம் சின்னது. "படத்திலை வாற ஹெலிகொப்ரர் ஆரின்ரை? ஆமியின்ரை. ஆமி சும்மா குடுக்குமே? கதையைப் பாத்துத்தான் குடுக்கும். சினிமாக்காரனும் அரசாங்கமும் ஒண்டுக்கை ஒண்டு, தம்பி." பஸ்ஸில் போகும்போதும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் சிரித்தேன்.

படம் எங்களைப்போன்ற ஆட்கள் வாழும் ஒரு வெயில் நாட்டில் நடக்கிறது. பெயரில்லாத நாடு. அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் பிடிபடுகிறான். பிடித்த அதிகாரிக்கு மண்ணிறம், தடித்த மீசை, ஆங்கிலம் எங்கள் வாயில் வருவதுபோலவே வருகிறது. கடைசியில் கதாநாயகன் அந்த அதிகாரியைச் சுட்டபோது தியேட்டரே கைதட்டியது. அண்ணையும் தட்டினார். சுற்றிப் பார்த்தேன், அந்த வரிசையில் மீசையோடு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு காட்சி வந்தது. கதாநாயகனைக் கட்டித் தொங்கவிட்டு விசாரிக்கிறார்கள். நாட்கணக்காக அடிக்கிறார்கள். அவன் ஒரு தடவை வலியில் கத்துகிறான், பிறகு காறித் துப்புகிறான், ஒரு பெயரும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சோளப்பொரியைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். நான் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். எழும்பி வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

படம் முடிந்ததும் ஆளுக்கொரு மஞ்சள் நிற அட்டையும் கட்டைப் பென்சிலும் தந்தார்கள். கதை எப்படி, நடிகர்கள் எப்படி, எந்தக் காட்சி பிடிக்கவில்லை, அந்தக் காட்சி நம்பும்படி இருந்ததா, இல்லையென்றால் ஏன். கீழே மூன்று வெறும் கோடுகள். அந்த மூன்று கோடுகள்தான் என்னைக் கெடுத்தன. விசாரணைக் காட்சியை நம்ப முடியவில்லை என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், இப்படி எழுதினேன்: எந்த மனிதனும் மௌனமாக இருக்கமாட்டான். மூன்றாம் நாள் சொல்லுவான். தெரிந்த பெயரைச் சொல்லுவான், தெரியாத பெயரையும் சொல்லுவான். இதை எடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது.

எழுதி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. பெயர், விலாசம் எழுதும் இடத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது அண்ணை கேட்டார். "என்ன பேர் போட்டனீர்?"

"என்ரை பேர்தான்."

"விசரே உமக்கு? நான் செத்துப்போன என்ரை மாமாவின்ரை பேரைப் போட்டு எல்லாம் திறம் எண்டு எழுதிப்போட்டு வாறன். வேறை என்ன போட்டனீர்?"

அப்போதுதான் உறைத்தது. வந்து ஒன்றரை வருடமாக எந்தத் தாள் தந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் என் குடிவரவுக் கோப்பின் இலக்கத்தை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கடதாசியில் எழுதினேன், ஆங்கில வகுப்பில் எழுதினேன், நூலகத்தில் அட்டை எடுக்கவும் எழுதினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான், பெயரை மறந்தாலும் இலக்கத்தை மறக்கமாட்டோம். அந்த மஞ்சள் அட்டையிலும் எழுதியிருந்தேன்.

பஸ் வந்தது. வேறொன்றும் போடவில்லை என்று அண்ணைக்குச் சொல்லிவிட்டு ஏறினேன்.

அவருக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. என் கோப்பில் வேறு கதை இருந்தது. ஊரில் இராணுவ முகாமில் என்னைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள், அடித்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் விட்டார்கள் என்று என் வாயால் சொல்லி, லோயர் எழுதி, நான் கையெழுத்து வைத்தது. முதல் பகுதி எல்லாம் உண்மை. ஒன்றும் சொல்லவில்லை என்பது பொய். மூன்றாம் நாள் நான் ஒரு பெயர் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் பெயர். அவர் எந்த இயக்கத்திலும் இல்லை. இராணுவத்தின் கை எட்டாத வன்னிக்குப் போய்விட்டார் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன், ஆள் இல்லைத்தானே என்று சொன்னேன். அவர் போகவில்லை. அடுத்த நாள் கொண்டுவந்தார்கள். குரலை மட்டும் கேட்டேன். என்னை விட்டார்கள், அவரை விடவில்லை.

"கேஸிலை ஒரு இடத்திலை ஒண்டும் இன்னொரு இடத்திலை இன்னொண்டும் சொன்னால் அவ்வளவுதான்" என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லுவார்கள். லோயரும் சொன்னார். நான் இரண்டாவது கதையை என் கைப்பட எழுதி, இலக்கமும் போட்டுக் கொடுத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

திங்கட்கிழமை அந்தத் தியேட்டருக்குப் போனேன். ரிக்கற் கொடுக்கும் பெண்ணிடம் அட்டையைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். எழுத்துப் பிழை விட்டுவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். அட்டைகள் எல்லாம் அன்றைக்கே அமெரிக்காவுக்குப் போய்விட்டன, அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள் என்றாள். ஒவ்வொன்றாக என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

அண்ணையிடம் சொன்னேன். முகாமில் பெயர் சொன்னதைச் சொல்லவில்லை, இலக்கம் போட்டதை மட்டும் சொன்னேன். "அமெரிக்காவுக்குப் போனால் இஞ்சை வராது எண்டு நினைக்காதையும்" என்றார். "ரெண்டு நாட்டுக்கும் நடுவிலை வேலி கூட இல்லை." நல்ல மனிதர். தேற்றத்தான் வாயைத் திறப்பார், ஒவ்வொரு தடவையும் மண்ணை அள்ளிப் போடுவார்.

அந்த ஐந்து கிழமையும் நான் பட்டதை எழுதினால் வாசிப்பவர்கள் சிரிப்பார்கள். ரெலிபோன் அடித்தால் எடுக்கமாட்டேன். தபால் பெட்டியைத் திறக்க முன் கையைக் காற்சட்டையில் துடைப்பேன். வேலையிடத்தில் ஒருநாள் கோட் போட்ட ஒருவர் முதலாளியோடு பேசுவதைக் கண்டு குளிர் அறைக்குள் போய் நின்றேன். அவர் மீன் விற்க வந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நான்காம் கிழமை மனைவியின் கடிதம் வந்தது. மகளுக்கு முன்பல் விழுந்ததாம், பல்லைக் கடதாசியில் சுற்றி உள்ளே வைத்திருந்தாள். கீழே ஒரு பந்தி. "சைக்கிள் கடைக்காரரின்ரை அம்மா ஒவ்வொரு கிழமையும் முகாம் வாசலிலை போய் நிக்கிறா. உங்களையும் அங்கைதானே வைச்சிருந்தவை, மகனைக் கண்டவரோ எண்டு என்னை ஓயாமல் கேக்கிறா. என்ன சொல்ல?" பல்லைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

விசாரணை நாள் வந்தது. சின்ன அறை. நடுவில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா, அவர்தான் தீர்ப்பைச் சொல்லுகிறவர். என் பக்கத்தில் லோயர். மற்றப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. வாயைத் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம் அவரைக் கண்டவுடனேயே பிடித்தது.

அந்த அம்மா என் கோப்பைத் திறந்தார். தடித்த கோப்பு. தாள்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்த இடத்தில் விரலை வைத்துக் கோப்பை விரித்தார், மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "பதினொரு நாளும் நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். அது சரியோ எண்டு கேக்கிறா."

எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார். இனிப் பொய் சொன்னால் பொய்யன் என்றே அனுப்பிவிடுவார்கள். மகளின் பல் சட்டைப் பையில் இருந்தது.

"இல்லை" என்றேன். "சொன்னனான். மூண்டாம் நாள் ஒரு பேர் சொன்னனான்."

லோயர் என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. சைக்கிள் கடையைச் சொன்னேன், வன்னிக்குப் போய்விட்டார் என்று நினைத்ததைச் சொன்னேன், மற்ற அறையில் கேட்ட குரலைச் சொன்னேன், அவருடைய தாய் முகாம் வாசலில் நிற்பதைச் சொன்னேன். மொழிபெயர்த்த பெண் ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நான் அழுதேன். வெட்கத்தில் அழுதேனா பயத்தில் அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மா கோப்பிலிருந்து மஞ்சளை உரித்து எடுத்தார். சின்ன ஒட்டுத் தாள், பக்கத்துக்கு அடையாளம் வைத்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதில் தானே ஏதோ குறித்துக்கொண்டார்.

அவர் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. நானாகவே போய் என் கழுத்தை நீட்டியிருந்தேன்.

வெளியே இருபது நிமிடம் காக்க வைத்தார்கள். லோயர் தள்ளிப் போய் ஜன்னலோரமாக நின்றார். திரும்பக் கூப்பிட்டு, என்னை ஏற்றுக்கொள்வதாக அந்த அம்மா சொன்னார். பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். "இந்தக் கதிரையிலை இருந்த எல்லாரும் தாங்கள் ஒண்டும் சொல்லேல்லை எண்டுதான் சொன்னவையாம். நீங்கள்தான் முதல் ஆளாம்."

லிப்ற்றில் அந்தப் பெண்ணும் நானும் தனியே நின்றோம். "உள்ளுக்குக் கேட்டதை நாங்கள் வெளியிலை கதைக்கிறேல்லை, அண்ணை" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு எத்தனையோ வருடம் தமிழ்க் கடைகளில் அவரைப்போல யாரையும் கண்டால் வரிசையை விட்டு விலகிப் போயிருக்கிறேன்.

அடுத்த வருடக் கடைசியில் மனைவியும் மகளும் வந்தார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம், மனைவி நிலத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். மகள் ரெலிவிஷனில் சனலை மாற்றி மாற்றி வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். தடித்த மீசை அதிகாரி. கட்டித் தொங்கும் கதாநாயகன். அந்தப் படம்தான்.

காட்சியை மாற்றியிருந்தார்கள். நான் பார்த்ததில் அவன் ஒரு தடவையாவது கத்தினான். இதில் அதுவும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கதாநாயகன் கத்தக்கூடாது என்று மற்றவர்கள் எல்லோரும் தங்கள் அட்டைகளில் எழுதியிருப்பார்கள்.

"மாத்து, பிள்ளை" என்றேன்.

"நிண்டு பாப்பம்" என்றாள் மனைவி. பயற்றங்காயை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தாள். "பாருங்கோவன், ஒரு சொல்லுச் சொல்லுறானோ எண்டு. நல்லாய் நடிக்கிறான். நீங்களும் உப்பிடித்தானே கிடந்திருப்பியள், அந்தப் பதினொரு நாளும்."

"ஓம்" என்றேன்.

"வெளிக்கிடேக்கை சைக்கிள் கடைக்காரரின்ரை அம்மாவுக்கு இதைத்தான் சொல்லிப்போட்டு வந்தனான். என்ரை மனிசன் உயிர் போனாலும் ஒருத்தரையும் காட்டிக் குடுக்காது அம்மா, உங்கடை மோனை ஆர் காட்டிக் குடுத்ததெண்டு தெரிஞ்சால் கட்டாயம் எழுதுவார் எண்டு. அவ என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக் கும்பிட்டவ." திரும்பவும் காயை எடுத்தாள். "உங்கடை கடிதத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறா, பாவம்."

படம் முடியும்வரை நான் ரெலிவிஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரியைச் சுட்டபோது மகள் கைதட்டினாள்.