அண்ணன் மாட்டாமல் விட்ட பூட்டு

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டை மாட்டி, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும். தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால், உள்ளே இருப்பவர் கதை அதோடு முடிந்தது. என் அண்ணன் பதினாறு வருடம் அந்தப் பூட்டை ஒருநாள்கூட மறந்ததில்லை.

அண்ணனோடு ஏழு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறவர் மருந்துக்கடைக்காரர். அவரையும் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு முறை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. முதல்முதலாகப் பேசிப் பழகிய நாளில் அண்ணன் அந்தப் பூட்டைத்தான் எடுத்துக் காட்டினாராம். "ஊர்ல எல்லாரும் பூவைக் காட்டுவாங்க, உங்க அண்ணன் பூட்டைக் காட்டினார்" என்று இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

இருவரும் ஒரே குடையில் பஸ்ஸுக்கு நின்றதை அண்ணனின் கம்பெனி ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. அண்ணன் உடை மாற்றப் போனால் மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தபடி அறையை விட்டு வெளியேறினார்கள். "என்ன அண்ணி, வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டவர் ஃபோர்மேன். அவருடைய உரத்த குரலுக்காகவே அவருக்குச் சங்கு என்று பெயர். ஒருநாள் அண்ணனின் அட்டையில் பெயரை அடித்துவிட்டு யாரோ 'அண்ணி உள்ளே இருக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. சாப்பாட்டு டப்பா தொடாமலே திரும்பி வந்தது. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் குளிக்காமல் இருந்தார். நான் வெளியூரிலிருந்து போன் செய்தால், "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை என் பக்கமே திருப்பிவிடுவார். நல்லா இருக்கேன் என்கிறவரை அதற்கு மேல் என்ன கேட்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி துவைக்க சோப்புத் தூளை எடுக்கப் போன மருந்துக்கடைக்காரர் டப்பாவுக்குப் பின்னால் சிவப்புப் பூட்டைப் பார்த்தார். மேலே தூசி படிந்திருந்தது. அண்ணன் வேலைக்குப் போய் ஒருமணி நேரமாகியிருந்தது. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. கடையைத் திறக்கப் போகாமல், அந்தப் பூட்டோடு ஆட்டோவில் ஏறினார்.

அண்ணன் வேலை பார்க்கும் கட்டடத்து வாசலில் சங்கும் இன்னும் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடே, வீட்டுக்காரரே வந்துட்டாரு! டிபன் கொண்டாந்தீங்களா சார்?"

மருந்துக்கடைக்காரர் உள்ளங்கையை விரித்துப் பூட்டைக் காட்டினார். "இதை வீட்லயே வச்சிட்டு வந்துட்டார்."

சங்கு பூட்டைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"தெரியலை. தூசி படிஞ்சிருக்கு."

அவ்வளவு பெரிய உடம்போடு சங்கு ஒன்பது மாடியும் படியில் ஓடினார். பின்னாலேயே மருந்துக்கடைக்காரரும் ஓடினார். மேலே மோட்டார் அறையில் ஆள் யாருமில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது, அதில் பூட்டு இல்லை. 'அண்ணி' என்று எழுதிய அந்த அட்டை மட்டும் தரையில் கிடந்தது. சங்கு சுவிட்சுப் பெட்டியின் மேல் முதுகை அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு கூப்பிட்டார்.

"மேல வா!"

"கொஞ்சம் வேலை பாக்கியிருக்கு," ஆழத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"வேலை கிடக்கட்டும். மேல வாப்பா."

அந்தக் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

அண்ணன் கிரீஸ் கையோடு ஏறி வந்தார். இருவரையும் பார்த்தார், பூட்டையும் பார்த்தார்.

"சாப்பாடு திரும்பி வருது, சரி. இதுவும் வீட்ல இருந்தா நான் என்னன்னு நினைச்சுக்கறது?" என்றார் மருந்துக்கடைக்காரர். மூச்சு வாங்கியது.

"வேணும்னு செய்யலைப்பா. மாட்டணும்னு தோணலை, அவ்வளவுதான். யாராவது சுவிட்சைப் போட்டா போடட்டுமேன்னு..." அண்ணனால் முடிக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் அந்தக் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கு முன்னால்தான்.

சங்கு பெட்டியை விட்டு நகரவில்லை. குனிந்து அட்டையை எடுத்தார். "இது என் எழுத்து," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அட்டையை இரண்டாகக் கிழித்தார். "இன்னைக்கு நீ வீட்டுக்குப் போ. லீவு நான் எழுதிக்கறேன்."

அன்று மதியமே இருவரும் மனநல டாக்டரைப் பார்த்தார்கள். ஒன்றரை மாதம் லீவு. மாத்திரையும் வாராவாரம் டாக்டரிடம் பேச்சும் இன்னும் நடக்கிறது. "மாத்திரை விக்கறவரே பக்கத்துல உக்காந்து முழுங்கியாச்சான்னு பார்த்தா எப்படி ஏமாத்தறது?" என்று அண்ணன் போனில் அலுத்துக்கொண்டபோது, எத்தனையோ மாதம் கழித்து அவர் சிரிப்பைக் கேட்டேன்.

சங்கு ஒன்றும் மகானாகிவிடவில்லை. ஆனால் அவர் இருக்கும் இடத்தில் அண்ணி என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். சில நாள் அண்ணன் இன்னும் டப்பாவைத் தொடாமல் கொண்டுவருகிறார்.

தினமும் உள்ளே இறங்குவதற்கு முன் அண்ணன் ஒரு படம் எடுத்து மருந்துக்கடைக்காரருக்கு அனுப்புவார். பூட்டு மாட்டிய சுவிட்ச், பக்கத்தில் அவரே தன் பெயரை எழுதிய புது அட்டை. எனக்கும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். "உன் தொல்லை தாங்கலை" என்றார், ஆனாலும் அனுப்புகிறார்.

இன்றைக்குப் பத்து நிமிடம் தாமதம். அதற்குள் போனை ஏழெட்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். பிறகு வந்தது. படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. பூட்டு பூட்டியிருக்கிறது.