டைம் ஆபீஸ்காரன் நடத்திய பள்ளிக்கூடம்

என்னை ஏமாற்றிவிட்டு அந்தக் கம்பெனிக்குள் ஓர் ஈ கூட நுழைய முடியாது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டின் மேல் இருந்த ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் எனக்கு டைம் ஆபீசில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பார்ப்பதுதான் தொழில். ஒருவனுடைய வருகைக் கார்டை இன்னொருவன் கடிகார மெஷினில் குத்திவிட்டுப் போனால், அவன் நடக்கிற நடையை வைத்தே பிடித்துவிடுவேன். இதை நானாகத்தான் நாலு பேரிடம் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் அந்த வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தோம். மனைவி, ஏழு வயதில் ஒரு மகள், நாலு வயதில் ஒரு மகன். மகள் ஒன்றாம் வகுப்பை ஊரில் முடித்திருந்தாள். ஜூன் மாதம் இங்கே பஞ்சாயத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு அனுப்பினேன். ஒரே வாரம்தான். சனிக்கிழமை காலை அவள் அடுக்களையிலிருந்து வந்து, "அப்பா, ஒன் டிபன் பாக்ஸு அடுப்பாண்ட கீது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் கோயிலில் வேதபாடம் வாசித்தவர்கள். அந்த வம்சத்துப் பெண் 'கீது' என்கிறாள். போதாக்குறைக்கு, அந்த மாதச் சபைப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வேறு வந்திருந்தது. எங்கோ காட்டில் ஊழியம் செய்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்ததாம், பிள்ளைகள் எல்லாரும் பெரிய ஆட்களாக வந்தார்களாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். ஆண்டவரின் சித்தம் தெளிவாகிவிட்டது. என் சித்தமும் அவர் சித்தமும் அந்த நாட்களில் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

மகளை இனி வீட்டிலேயே நான் படிப்பிக்கப்போகிறேன் என்று பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க, முழங்காலைத் தடவிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்.

"அட்டெண்டன்ஸ்ல பேரு இல்லாம அடுத்த வருஷம் மூணாவதுல ஒக்கார வைக்க முடியாது சார். திரும்பவும் ஒண்ணாவதுலேருந்துதான். கொயந்தைக்கு ரெண்டு வருஷம் பூடும்."

"ஏப்ரலில் கூட்டி வருவேன். எதை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்களே மூன்றாவதில் சேர்ப்பீர்கள்" என்று மேடைத் தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். மகளின் இரண்டு வருஷத்தை என் வாய்ச்சவடாலுக்குப் பந்தயமாக வைத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இதில் ஒரு விஷயத்தை இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன். என் மனைவி ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் வேலையும் பார்த்தவள். நானோ பள்ளி இறுதி வகுப்புக் கணக்கில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுமுறை எழுதித் தேறியவன். அவள் தயங்கித்தான் கேட்டாள்.

"ஏங்க, நான் சொல்லிக் குடுக்கட்டுமா?"

"நீ சமையலப் பாரு. இதுக்கு ஒரு ஒழுங்குமுறை வேணும்லா" என்றேன்.

அவளை உதவி ஆசிரியையாக நியமித்தேன். சிலேட்டைக் கழுவிக் காய வைப்பது அவள் பொறுப்பு.

முன்னறைச் சுவரில் கரும்பலகை அடித்தேன். கம்பெனி மாதிரியே இரண்டு பிள்ளைகளுக்கும் அட்டையில் கார்டு எழுதித் தொங்கவிட்டேன். மகள் வந்ததும் அதில் நேரம் எழுத வேண்டும். அடுக்களையிலிருந்து முன்னறைக்கு எட்டடி தூரம். அதற்கும் இரண்டு நாள் தாமதம் போட்டிருக்கிறேன். காலை ஆறிலிருந்து இரண்டு வரை எனக்கு வேலை இருந்தால் பள்ளிக்கூடம் சாயங்காலம். இரண்டிலிருந்து பத்து வரை வேலை என்றால் பள்ளிக்கூடம் காலையில். வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு குழந்தைக்கு ஷிப்ட் போட்டுப் பாடம் நடத்திய முதல் தகப்பன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் பாடம் வேதம். தமிழும் அதிலிருந்துதான். பூகோளத்துக்குப் பைபிளின் கடைசியில் இருந்த படங்கள். ஒரு மாதத்தில் மகள் யோர்தானையும் தமஸ்குவையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டினாள். காஞ்சிபுரம் எந்தத் திசையில் என்று கேட்டால் விழிப்பாள். நேரில் காட்டினால் மனதில் நிற்கும் என்று ஒருநாள் இருவரையும் சைக்கிளில் வைத்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், கலிலேயாக் கடல் இப்படித்தான் இருக்கும் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் மகன் போய் நின்றான்.

"இயேசு எந்தப் பக்கம் நடந்தாரு?"

அவர் நிதானமாக ஏரியைப் பார்த்தார். "நான் காலைலேருந்து இங்கதான் கீறேன் கண்ணு. யாரும் வர்ல."

மகளின் பேச்சும் திருந்திவிட்டது. என்னோடு கடைக்கு வந்தால், "ஐயா, எனக்கு அரைக்கிலோ உப்புத் தாரும்" என்று கேட்பாள். "இன்னா பாப்பா, டிராமாவா?" என்பார் கடைக்காரர். எனக்கு நெஞ்சு நிமிரும். நான் கூட இல்லாதபோது அவள் எப்படிக் கேட்கிறாள் என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

படிப்பிலும் புலிப்பாய்ச்சல்தான். நான் ஆறாம் வாய்ப்பாட்டில் நிற்கும்போது அவள் ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். நான் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, சிலேட்டைத் தன் பக்கம் திருப்பி நாலே கோட்டில் போட்டுக் காட்டினாள். கற்பூர புத்தி, என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிலேட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

இது எப்படியோ போதகர் காதுக்கு எட்டியது. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன். ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல அழைத்தார். பிள்ளையை உலகத்தின் வழியில் விடாமல் வீட்டிலேயே வளர்ப்பதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மனைவி குனிந்து தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் எல்லாரும் முறை வைத்து வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. மகள் தினமும் ஒரு நீளமான பட்டியல் வைத்திருப்பாள். சிவப்பு ரிப்பன் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் விடணும், லாரிக்காரர் மகனுக்குப் புது சிலேட்டு கிடைக்கணும், டீச்சருக்கு முட்டி வலி போகணும். முகம் தெரியாதவர்களுக்காக இப்படி மன்றாடுகிறாளே என்று நான் உருகிப்போவேன். மிஷனெரியாகப் போவாளோ என்றுகூட நினைத்தேன்.

ஏப்ரல் வந்தது. அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு மகளைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் அவள் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பயப்படாத. அப்பா இருக்கேன்லா" என்றேன்.

கூடத்துக்குள் நுழைந்தோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்பு ரிப்பன் வைத்த ஒரு சிறுமி, பாயில் சற்று நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். மகள் அந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அசையாமல் நின்றாள்.

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். "வா வா. இன்னிக்கி மட்டம்னு போட்டுட்டேனே. சார், பரிட்சல்லாம் ஒண்ணும் வேணாம். அதான் பேரு கீதே."

"எங்கே?" என்றேன்.

"இங்கதான். ஒங்க வூட்டம்மா ஜூலைலயே வந்து சேத்துட்டுப் போனாங்க. அரை நாளு அரை நாளாத்தான் அனுப்ப முடியும்னாங்க. அரை நாளாச்சும் வரட்டுமேன்னு நானும் வுட்டேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். தொழில் புத்தி போகாதல்லவா. மகள் பெயருக்கு நேரே பார்த்தால், ஒரு வாரம் முழுக்கக் காலையில் வந்திருக்கிறாள், மதியம் இல்லை. அடுத்த வாரம் மதியம் வந்திருக்கிறாள், காலையில் இல்லை. ஜூலையிலிருந்து ஏப்ரல்வரை கோடு பிசகாமல் அப்படியே போயிருந்தது. அது என் ஷிப்ட் அட்டவணை. கம்பெனிச் சுவரில் நானே எழுதி ஒட்டியது. என் மூக்கின் கீழேயே ஒன்பது மாதம் ஒருத்தி கார்டு குத்திவிட்டுப் போய்வந்திருக்கிறாள், நான் கேட்டில் நின்று மற்றவர்கள் நடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்தின் ஓரத்தில், வராத நேரத்துக்கெல்லாம் பென்சிலால் காரணம் குறித்திருந்தார்கள். பிள்ளைகள் சொல்வதை அப்படியே எழுதிவைப்பது அந்த அம்மாவின் வழக்கமாம். மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மழை, நாற்று நடவு, திருவிழா. என் மகள் பெயருக்கு நேரே: அப்பா. அப்பா. அப்பா. கண்வலி. அப்பா. மின்வெட்டுக்காகக் கம்பெனியைப் பத்து நாள் மூடிய மாதத்தில் பத்து நாளும் அப்பா.

முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். மனைவியை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கக்கூட ஆரம்பித்தேன். பிறகு அந்தப் பென்சில் எழுத்தை இன்னொருமுறை பார்த்தேன். அது வெட்கம். கண்வலிக்குப் பக்கத்தில் என்னையும் ஒரு நோயாக எழுதியிருந்தது, அந்த நோய் என் குழந்தைக்கு அடிக்கடி வந்திருந்தது. அங்கேயே எனக்கு அழுகை முட்டியது. கண்ணாடி போட்ட அந்த அம்மா பாவம், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜெபத்தில் மனைவியின் முறை வந்தது. கண்ணை மூடியபடி நிதானமாகச் சொன்னாள். "ஆண்டவரே, எம் புருஷங்கிட்ட சொல்லாம ஒரு காரியம் செஞ்சேன். மறைச்சது தப்பு, மன்னியும். பிள்ளையச் சேத்தது தப்பில்ல. அதுக்கு நான் மன்னிப்பு கேக்கல."

ஜெபத்தில் குறுக்கே பேசக்கூடாது என்ற சட்டம் நான் போட்டது. கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தை நான் சொல்லி முடிக்க வேண்டும். மன்னிப்பைக் கேட்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மகன்தான் எனக்காக மீதியைச் சொல்லி ஆமென் போட்டான்.

"ஏட்டி, திங்கக்கிழமையிலேருந்து முழு நாளும் பள்ளிக்கூடம் போ" என்று மகளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். மணி ஒன்பதேகால் ஆயிற்று. "ஏட்டி போ, நேரமாவுது" என்றேன். சரி என்றாள், நகரவில்லை. மனைவி சொல்லிப் பார்த்தாள். அவள் என்னையும் என் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதப் பழக்கம். நான் இருக்கும்போது அவளுக்கு அந்த வாசலைத் தாண்ட வரவில்லை.

மனைவி என் டிபன் பாக்ஸில் சோற்றைப் போட்டு மூடிக் கையில் கொடுத்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பினேன். திரும்பி நின்று எட்டிப் பார்த்தபோது, பை முதுகில் குதிக்க அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. போக இடமில்லாமல் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கும் அந்த வலைக்காரர் அங்கே இருந்தார்.

"இன்னா சார், பசங்க எங்க? இன்னிக்கி கிளாஸ் இல்லியா?"

"இல்ல. வாத்தியாருக்கு லீவு."

"ஒடம்பு சரியில்லியா?"

"ஆமா" என்றேன்.