வேகச் சோதனைக்குப் பிந்திய வருகை

சோதனைச் சாவடியில் பஸ் நிற்கிறது. எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நடக்கிறோம். வாவியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. என்னைக் கூட்டிப்போக வந்த தங்கையின் கணவர் பக்கத்தில் வருகிறார். தங்கையைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடம்.

"மச்சான், உலகத்திலேயே கெதியா ஓடுற கார் நீங்க செஞ்சதாம். மெய்யா?"

"ஓம். எஞ்சின் செஞ்ச ஆக்களில நானும் ஒராள்."

"மறுகா ஏன் நம்மட ஊருக்கு, தேற்றாத்தீவுக்கு வர அஞ்சு வருசம்?"

யுத்தம் என்று சொல்லலாம். அது பொய். வேகச் சோதனையை முடித்துத் தங்கையின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வர நினைத்தேன். கார் தோற்றது, திருத்த வெளிநாட்டிலேயே நின்றுவிட்டேன். பிறகு வென்றோம். அடுத்த வருடமே இன்னொரு கம்பனி எங்களை முந்தியது. அதன்பின் வர வெட்கம்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு, எனக்காகத் தன் நடையைக் குறைக்கிறார்.