புல் இருக்கிற ஊரில் மாடு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்காமல் ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தேன். திங்கட்கிழமை விடிவதற்குள் என் உத்தியோகமே ஆட்டம் கண்டுவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே... அந்த ஆண்டி வேறு யாருமில்லை, உங்கள் கிராணிதான்.

நான் ரந்தா டவுனுக்கு மூன்று மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவேன். துரை இங்கிலீஷில் சொல்வதைத் தமிழாக்குவேன். ஆட்கள் தமிழில் சொல்வதைக் கொஞ்சம் மரியாதை தூவி இங்கிலீஷாக்குவேன். துரைக்கும் தமிழ் தெரியும் – வா, போ, வெட்டு, கட்டு என்கிற அளவுக்கு.

துரையின் பங்களாவுக்கு ஒரு அமெரிக்கர் விருந்தாளியாக வந்திருந்தார். மோட்டார் டயர் செய்கிற கம்பெனியில் ஏதோ பெரிய வேலை. டயர் எந்த மரத்தில் காய்க்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என வந்தாராம். ஒருநாள் ஆபீஸுக்கு வந்தவர், தம்முடைய சொந்த ஊரைப் பற்றிய புத்தகம் ஒன்றை மேஜையில் வைத்தார். நான் அதை முறைத்து முறைத்துப் பார்ப்பதைக் கண்டு, படித்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னார்.

ஊர்க்காரர்களே கூடி அச்சுப் போட்ட புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. ஊர்ப் பெயரை நானும் மூன்று நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன், வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. பெரிய பட்டணம் ஒன்றிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கிற சின்ன நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைத்தான் ஞாயிறு மத்தியானம் தோட்டத்துக் கடை வாசலில் உட்கார்ந்து படித்தேன். பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் கூடினால் என் குரல் தானாக உயரும். அது என் பிறவிக் குணம்.

ஆதியில் அந்த ஊர் வெறும் காடு. ஒரு குடியானவர் வந்து காட்டை வெட்டி, நாற்பது பசு வைத்து, பட்டணத்துக்குப் பால் விற்றார். பிறகு ரயில் பாதை வந்தது. அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் பசுக்களை விற்றார்கள், நிலத்தைத் துண்டு துண்டாக்கி மனை போட்டார்கள். இன்றைக்கு அங்கே தெருத்தெருவாக வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. காலை ஏழரை மணிக்கு ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் தொப்பி போட்டுக்கொண்டு ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் அதே ரயிலில் திரும்புகிறார்கள்.

ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் மாரிமுத்து இதைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வரிசையாக வீடு, ஒரே நேரத்தில் வேலை, ஒரே நேரத்தில் திரும்பல் – இது எஸ்டேட்டேதான், சந்தேகமே இல்லை. அங்கே துரை யார் என்று கேட்டார். மேயர் என்று ஒருவர் இருக்கிறார், ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு வைப்பார்கள், பிடிக்காவிட்டால் மாற்றுவார்கள் என்றேன். மண்டோர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் படிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் போட்டோக்களைக் காட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் பச்சைப் புல். விதை போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கிற புல்! மண்டோரின் முகம் வாடிவிட்டது. அவர் மேல் தப்பில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில் ஒரு புல் தலைநீட்டினால் மண்டோர் தலை உருளும். மண் தெரிய வேண்டும், மண்ணைத் தவிர எதுவும் தெரியக்கூடாது. அதுதான் சட்டம்.

"இவ்வளவு புல்லு வளர்ற வரைக்கும் அந்த ஊரு மண்டோரு என்னா பண்ணிக்கிட்டு இருந்தாரு?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான் – கருப்பாயி. புல் வெட்டும் கும்பலில் வேலை செய்கிறவள். அவளிடம் செவளை என்று ஒரு பசு உண்டு. அவளுடைய மூன்று பிள்ளைகள் குடித்தது போக மீதிப் பாலில்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிக்குக் காப்பி. என் வீட்டுக் காப்பியும் அதில் அடக்கம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை செவளை கயிற்றை அறுத்துக்கொண்டு பங்களாவுக்குள் புகுந்து, புல்தரையில் ஒரு பாய் அகலத்துக்கு மேய்ந்துவிட்டது. துரை வெளியே வந்து பார்த்தார். புதன்கிழமைக்குள் மாடு தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு. அந்த உத்தரவைத் தமிழில் சொன்ன பாவி நான்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, சரிங்கய்யா என்று போய்விட்டாள்.

அந்த ஊரில் மாடு எத்தனை என்று கருப்பாயி கேட்டாள். புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நகரசபைக் கட்டடத்தில் அந்தக் குடியானவருடைய கடைசிப் பசுவின் படம் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அவள் எழுந்து போனாள். நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். எனக்கு எங்கே புத்தி வேலை செய்தது?

திங்கட்கிழமை விடியற்காலை. பேர் கூப்பிடுகிற வரிசைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பெரட்டு என்று பெயர். இருநூறு பேர் நிற்கிறார்கள். துரை நிற்கிறார். வேடிக்கை பார்க்க அமெரிக்கரும் கூடவே நிற்கிறார். கருப்பாயியின் பேரைக் கூப்பிட்டேன். அவள் வரிசையை விட்டு நேரே முன்னால் வந்துவிட்டாள். பெரட்டில் யாரும் அப்படி வருவதில்லை. அமெரிக்கரைக் கையால் காட்டினாள்.

"ஐயா, இந்தத் தொர ஊர்ல புல்லு நெறையக் கெடக்கு, திங்க மாடு இல்ல. எங்கிட்ட மாடு இருக்கு, புல்லு இல்ல. செவளைய அவரு கூடக் கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லுங்க. சினை மாடு, ஆனா முட்டாது. கன்னு போட்டா மட்டும் ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க."

அவள் கேலி பேசவில்லை. சத்தியமாக நம்பித்தான் கேட்டாள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் இவளே வரும்போது, மாடு மட்டும் கப்பலில் போகாதா?

துரை என்னைப் பார்த்தார். சொன்னால் விருந்தாளியை அவமதித்ததாக என் சீட்டு கிழியும். சொல்லாவிட்டால் புதன்கிழமை செவளை போய்விடும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் டின்பால் காப்பி! வீரம் எனக்குக் கொஞ்சம்தான். அன்றைக்கு அந்தக் கொஞ்சத்துக்கும் டின்பால்தான் உதவிக்கு வந்தது. கடுதாசி உட்பட ஒன்று விடாமல் மொழிபெயர்த்துவிட்டேன்.

அமெரிக்கர் தொப்பியைக் கழற்றினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவருடைய ஊரில் மாடு, ஆடு, கோழி எதுவும் வளர்க்கக்கூடாது, அது நகரசபைச் சட்டம் என்றார். ஆனால் புல்லைக் கட்டாயம் வளர்க்க வேண்டும். வளர்த்த புல் ஒரு சாண் உயர்ந்தால் நோட்டீஸ் வரும். ஆகவே சனிக்கிழமை தவறாமல் ஒரு மிஷினைத் தள்ளித் தள்ளி அவரே வெட்டுகிறார். வெட்டின புல் குப்பைக்கு. பால் வேறு எங்கிருந்தோ லாரியில், போத்தலில் வருகிறது.

கருப்பாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாட்ட வெரட்டிப்புட்டு மாட்டு வேலைய இவரு பாக்குறாரா? பாவம்யா."

இதையும் மொழிபெயர்த்தேன். இப்போதுதான் மனிதர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே துரையின் பங்களாப் பக்கம் திரும்பினார். தோட்டக்காரன் காய்ச்சலில் படுத்து இரண்டு வாரம் ஆகிறது. புல் முழங்காலுக்கு நிற்கிறது. அமெரிக்கர், எனக்குத்தான் பழக்கமான வேலையாயிற்றே, அரிவாள் கொடுங்கள், ஊருக்குப் போவதற்குள் உங்கள் புல்லை நானே வெட்டித் தருகிறேன் என்று துரையிடம் சொல்லிவிட்டுச் சட்டைக் கையையும் மடித்தார்.

துரையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் குனிந்து புல் வெட்டுவதா? அதை இருநூறு தமிழர்கள் நின்று பார்ப்பதா? அப்புறம் பெரட்டில் துரையின் பேச்சை எவன் கேட்பான்? எனக்கு வேலையே வைக்காமல் தமிழில் கத்தினார்.

"மாடு கூட்டி வா! கட்டு! புல் தின்னு!"

புல்லைத் தின்னச் சொன்னது மாட்டைத்தான் என்று நாங்களே புரிந்துகொண்டோம். புதன்கிழமை உத்தரவைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மண்டோர் மட்டும் விடவில்லை. பங்களாவில் வேலை செய்கிற யாரானாலும் பெரட்டில் நிற்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டமாம். இப்போது தினமும் செவளை வரிசையில் நிற்கிறது. நான் பேர் கூப்பிடுகிறேன், கருப்பாயி "வந்திருக்கு" என்கிறாள். இதுவரை ஒருநாள்கூடத் தாமதம் இல்லை. என்னைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நாம் சம்பளத்துக்காகப் புல்லைப் பிடுங்குகிறோம். அவர்கள் கௌரவத்துக்காகப் புல்லை வளர்க்கிறார்கள். கடைசியில் இரண்டு ஊரிலும் மனிதனை வேலை வாங்குவது புல்தான். வயிறார அதை அனுபவிப்பது செவளை ஒருத்திதான்.

சனிக்கிழமை அமெரிக்கர் புறப்பட்டார். போவதற்கு முன் புல்தரையில் செவளையை நிறுத்தி, பக்கத்தில் கருப்பாயியையும் நிறுத்தி ஒரு போட்டோ பிடித்தார். நகரசபைச் சுவரில் அந்தப் பழைய பசுவுக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறாராம். மாட்டை ஊருக்குள் விடச் சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்டேன். படமாக வந்தால் ஆட்சேபணை இல்லையாம்.

நல்லவேளை, படத்தோடு போனார்... ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, படத்துப் பசு என் காப்பிக்கு உதவாது.